எடிட் செய்த படத்தோடு ஒரிஜினலையும் காட்டணுமா?

வாசகர் கேள்வி, மே 3

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவன் நான். எடிட் செய்து முடித்ததும் நாலு பேரிடம் காட்டிக் கருத்து கேட்பது வழக்கம். ஒரிஜினலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் "முன்னதைவிட நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வைக்காமல் காட்டினால் "ரொம்ப எடிட் பண்ணிட்டீங்க" என்கிறார்கள். எப்படித்தான் காட்டுவது? கருத்து கேட்பதற்கும் சொல்வதற்கும் ஏதாவது முறை இருக்கிறதா?

மே 3, இரவு

எடிட் செய்த படத்தை மட்டும் முதலில் காட்டுங்கள். ஒரிஜினல் அப்புறம்.

ஒருவர் உங்கள் படத்தை முதல் தடவையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். அந்தப் படத்தைப் பற்றி எதுவும் தெரியாத கண் அவரிடம் இருக்கிறது, உங்களிடம் இல்லை. எடுத்தபோது அங்கே நின்றவர் நீங்கள். கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பைத் திறந்து மணிக்கணக்காக அதோடு உட்கார்ந்தவரும் நீங்கள். அதில் எது எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு மனப்பாடம். அவருக்கு அந்தப் பாரம் இல்லை. கருத்து கேட்பதில் கிடைக்கிற பெரிய லாபமே இதுதான். ஒரிஜினலைப் பக்கத்தில் வைத்த உடனே அதைச் செலவழித்துவிடுகிறோம்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேள்வியும் மாறிவிடுகிறது. "இந்தப் படம் தானாக நிற்கிறதா" என்று நாம் கேட்க நினைக்கிறோம். பார்ப்பவர் "எவ்வளவு மாறியிருக்கிறது" என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறார். ராவிலிருந்து அப்படியே எடுத்த படம் பெரும்பாலும் தட்டையாக, மங்கலாகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றிய எந்தப் படத்தை வைத்தாலும் பளிச்சென்றுதான் தெரியும். அந்தப் போட்டியில் ஜெயிப்பதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

மூடுபனியில் எடுத்த ஏரிப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஷேடோவை, அதாவது இருண்ட பகுதிகளை, வெளிச்சமாக்கி, பனியில் கரைந்திருந்த கரையைக் கொஞ்சம் வெளியே கொண்டுவந்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிறகு எடிட்டை மட்டும் பார்த்த ஒருவர், எடுத்த எடுப்பிலேயே "வலது ஓரத்தில் என்ன இருக்கு? கண் அங்கேயே போகுது" என்றார். அங்கே ஒரு புதர். கரையோடு சேர்ந்து அதுவும் வெளிச்சமாகிவிட்டது. ஒரிஜினலில் அது இருட்டாக இருந்ததை அறிந்த யாருடைய கண்ணும் அங்கே போகவில்லை.

மே 4

"ஒரிஜினலைப் பார்க்காமல், இதைவிட நல்லா பண்ணியிருக்கலாமா இல்லையா என்று எப்படிச் சொல்வது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். அதனால்தான் "அப்புறம்" என்றேன். முதல் பார்வையில் தோன்றியதை அவர் சொல்லி முடித்தபின் ஒரிஜினலைக் காட்டுங்கள். வானத்தில் இன்னும் விவரம் இருக்கிறதா, கிராப்பில் எது போயிருக்கிறது என்பதெல்லாம் அப்போது பேச வேண்டியவை. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

மே 5

நிறச் சண்டைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "மஞ்சள் அடிக்குது", "ரொம்ப டார்க்", "நிறம் செத்துப்போயிருக்கு" போன்ற கருத்துகளில் பாதி, படத்தைப் பற்றியவையே இல்லை. அவை திரையைப் பற்றியவை.

என் உருவப்படம் ஒன்றை ஒரே நாளில் இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் இருட்டு என்றார், மற்றவர் முகம் வெளுத்துப்போச்சு என்றார். இருவரும் அனுபவசாலிகள், இருவரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. விசாரித்தபோது ஒருவர் வெளிச்சம் குறைத்து வைத்த லேப்டாப்பில் பார்த்திருந்தார். மற்றவர் போனில், வெளிச்சத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்துப் பார்த்திருந்தார். எடிட்டிங்குக்கு மானிட்டரைக் கேலிபிரேட் செய்பவர்கள் (அளந்து சரிசெய்பவர்கள்) பொதுவாக வெள்ளையின் பிரகாசத்தை 80 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வரை வைத்துக்கொள்வார்கள், வெள்ளையின் நிறம் 6500 கெல்வின் சுமாருக்கு. வெயிலில் வைத்துப் பார்க்கும்போது 1000 நிட்டைத் தாண்டுகிற போன்கள் இப்போது நிறைய. அந்த இரண்டு திரைகளில் ஒரே படம் ஒரே மாதிரி தெரிய வாய்ப்பே இல்லை.

அப்புறம் இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி. அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) பற்றி யாரும் எதுவும் சொல்லாமலிருப்பது நல்லது. நம் கண் கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடும், அது ஓடுகிறது என்பதே மறந்துவிடும். எடிட் செய்பவருக்கு இது இன்னும் ஆபத்து. அந்த மஞ்சளை ஈடுகட்ட நீலத்தைக் கூட்டிவிட்டு, காலையில் முகமெல்லாம் நீலமாக இருப்பதைப் பார்ப்பார்.

"நிறம் செத்துப்போயிருக்கு" என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் 1996இல் முன்மொழிந்து, 1999இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபிதான் இணையத்தில் பொதுவான நிறவெளி, அதாவது எந்த எண் எந்த நிறம் என்று சொல்லும் ஏற்பாடு. சிலர் கேமராவிலோ எடிட்டிங்கிலோ அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, எந்த நிறவெளி என்று சொல்லும் புரொஃபைலைச் சேர்க்காமல் ஏற்றுமதி செய்வார்கள். பார்க்கிற செயலி அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். நிறமெல்லாம் சோர்ந்துவிடும், பச்சையும் சிவப்பும் முதலில். இந்த நிலையில் "சாச்சுரேஷன் (நிறத்தின் அடர்த்தி) ஏத்துங்க" என்று யோசனை சொன்னால் அவர் ஏற்றுவார், அவருடைய திரையில் அது கண்ணைக் கூசும். கேட்பவரும் சொல்பவரும் இரண்டு வெவ்வேறு படங்களைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் நிறம் பற்றிச் சொல்வதற்கு முன் நான் எண்களைப் பார்க்கிறேன். படத்தில் சாம்பலாகவோ வெள்ளையாகவோ இருக்க வேண்டிய ஏதாவது ஒன்று இருக்கும், ஒரு சுவர், ஒரு சட்டைக் காலர். அங்கே நிற எண்களைக் காட்டும் ஐட்ராப்பரை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் மதிப்பும் கிட்டத்தட்ட சமமாக வரவேண்டும். நீலம் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் மஞ்சள் உண்மையிலேயே படத்தில் இருக்கிறது. படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் அப்படித்தான். உங்கள் மானிட்டர் எப்படியிருந்தாலும் அது மாறாது.

மஞ்சள் படத்தில் இருக்கிறது என்று தெரிந்தபிறகும், அது வேண்டுமென்றே வைத்ததா என்று கேட்டுக்கொள்வேன். மாலை வெளிச்சத்தை நடுநிலை வெள்ளையாக மாற்றச் சொல்வது யோசனை ஆகாது.

மே 6

நேற்றைய குறிப்போடு ஒன்றைச் சேர்க்கிறேன். படத்தைச் சுற்றி என்ன நிறம் இருக்கிறது என்பதும் கணக்கில் உண்டு. வெள்ளைப் பின்னணியில் வைத்த படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும். அதே படம் கறுப்புப் பின்னணியில் வெளிச்சமாகத் தெரியும். எடிட்டிங் மென்பொருள்கள் பலவும் சாம்பல் பின்னணியைத் தருவதற்கு இதுதான் காரணம்.

இதை விளக்கமாக எழுதியவர் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1824 முதல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நூல் வெளிறித் தெரிகிறது என்று அங்கே புகார். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. அந்தக் கறுப்பு நூலை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததுதான் காரணம். பக்கத்து நிறம் கறுப்பைக் கெடுத்தது. நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றை ஒன்று எப்படி மாற்றுகின்றன என்பதை 1839இல் ஒரு பெரிய நூலாகவே வெளியிட்டார்.

இந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது புகார் சொன்னவர்களின் நிலைதான். கறுப்பு வெளிறித் தெரிந்தது என்பது முழு உண்மை, அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. சாயம்தான் காரணம் என்பது மட்டும் தவறு. நம் படங்களுக்கு வருகிற கருத்துகளும் பெரும்பாலும் இந்த ரகம். பார்ப்பவருக்கு ஏதோ உறுத்துகிறது என்றால் அங்கே ஏதோ இருக்கிறது, நம்பலாம். எதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அவர் சொல்வதை மட்டும் சோதித்துப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மே 9

சரி, கருத்து சொல்கிறவர் பக்கம் வருவோம்.

எந்த ஸ்லைடரை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை முதலில் சொல்லாதீர்கள். உங்கள் கண் என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள். எங்கே முதலில் போனது, எங்கே சிக்கியது, எதைப் பார்க்காமல் தாண்டியது, எந்த இடத்தில் இது செயற்கை என்று தோன்றியது.

புல்வெளியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிற படம். "சாச்சுரேஷன் ஜாஸ்தி, குறைங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். எடுத்தவர் மொத்தமாகக் குறைத்தார். புல் அடங்கியது, ஆனால் முகத்தில் இருந்த இளஞ்சிவப்பும் போய், குழந்தை காய்ச்சலில் எழுந்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது "உயிர் இல்லை" என்று அதே ஆட்கள் சொன்னார்கள். அவர் வெறுத்துப்போனார், அதில் ஆச்சரியமில்லை. "புல்லுதான் முதலில் தெரியுது, முகத்துக்கு வர நேரமாகுது" என்று யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். பச்சையை மட்டும் தனியாக எடுத்து, அதன் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கி, நிறத்தை மஞ்சள் பக்கமிருந்து சற்றே நகர்த்தியிருப்பார். முகத்தைத் தொடவே வேண்டியிருக்காது.

ஹேலோ அப்படியில்லை, அங்கே நேராகச் சொல்லிவிடலாம். மலை விளிம்பிலும் கூரை விளிம்பிலும் வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறதே, அதுதான். விவரங்களை அழுத்தமாக்கும் கிளாரிட்டியை அல்லது ஷேடோவை அதிகமாகத் தள்ளினாலோ, வானத்தை மட்டும் தனியாக எடிட் செய்யப் போட்ட மாஸ்க் விளிம்பில் சரியாக உட்காராவிட்டாலோ வரும். எடிட் செய்தவர் கண்ணுக்கு இது கடைசிவரை தெரியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனதால் பழகியிருக்கும். சென்சார் தூசி, சாய்ந்த தொடுவானம், குளோனிங்கில் (ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தை மறைப்பதில்) இரண்டு தடவை வந்த அதே இலைக்கொத்து, இவையும் அப்படித்தான். இவற்றில் ரசனைக்கு வேலை இல்லை. இடத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் நன்றிதான் கிடைக்கும்.

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி "நாய்ஸ் (புள்ளி புள்ளியான சொரசொரப்பு) இருக்கு" என்று சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். 24 மெகாபிக்சல் படம் என்றால் அகலம் 6000 பிக்சல். அங்குலத்துக்கு 96 பிக்சல் உள்ள மானிட்டரில் அதை நூறு சதவீதத்தில் பார்ப்பது, ஒன்றரை மீட்டருக்கும் மேல் அகலமான பிரிண்ட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். அப்படி யாரும் படம் பார்ப்பதில்லை. அந்த நாய்ஸைத் துடைக்கப் போய்த் தோலெல்லாம் மெழுகாகிப்போன படங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மே 10

"வெறும் 'நல்லா இருக்கு' என்று சொல்வது குற்றமா?" என்று கேட்டிருக்கிறார்கள். குற்றமே இல்லை. ஆனால் எது நல்லா இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். குறையைச் சொன்னால்தான் உதவி என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பாராட்டும் தகவல்தான். ஒரு நண்பர் எடுத்த படிக்கட்டுப் படத்தில் நிழல்களில் லேசான நீலம் இருந்தது. அந்தப் படத்தின் உயிரே அதுதான். யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. வேறு ஏதோ குறைகளைச் சரிசெய்கிற வேகத்தில் அடுத்த பதிப்பில் நீலத்தையும் நீக்கிவிட்டார். அதற்கப்புறம் "முதல் பதிப்பில் அந்த நீலம் எவ்வளவு அழகா இருந்துச்சு" என்று பலரும் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மே 14

"ஓவர் எடிட்" பற்றி இரண்டு நாளாக நடக்கிற வாக்குவாதத்தைப் படித்தேன். எடிட்டே செய்யாத படம்தான் உண்மையான படம் என்று ஒரு பக்கம், என் படம் என் இஷ்டம் என்று இன்னொரு பக்கம். இரண்டோடும் எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூருக்கு மேலே நிலவு எழுவதைப் படமெடுத்தார். அந்த ஒரே நெகட்டிவிலிருந்து பல பத்தாண்டுகள் பிரிண்ட் போட்டுக்கொண்டேயிருந்தார். தொடக்ககாலப் பிரிண்ட்டுகளில் வானம் நடுத்தரச் சாம்பல், மேலே மெல்லிய மேகங்களும் தெரியும். பிற்காலத்தில் போட்டவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கவும் செய்தார், கல்லறைச் சிலுவைகள் இருக்கிற முன்னணிக்கு இன்னும் வலு வேண்டும் என்று. இதில் எது ஒரிஜினல்? கேமரா பதிவு செய்ததை அவர் முடிவான படமாக ஒருநாளும் நினைக்கவில்லை. "எடிட் இல்லாத படம்" என்பது எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஜேபெக்காக எடுத்தால் கேமராவே கான்ட்ராஸ்ட், நிறம், ஷார்ப்னஸ் எல்லாவற்றையும் முடிவுசெய்துதான் கொடுக்கிறது.

ஆனால் எல்லைகள் உண்டு, படத்தின் வகையைப் பொறுத்து. செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் 2015இல் கடைசிக்கு முந்தைய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம் நீக்கப்பட்டன. ரா கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்தபோது பொருட்களைச் சேர்த்ததும் நீக்கியதும், விவரங்கள் மறையும் அளவுக்கு இருட்டாக்கியதும் தெரியவந்தது. செய்திப் படத்தில் ஓரத்தில் கிடக்கிற குப்பையை நீக்குவது பொய். சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப் போன்ற அமைப்புகளின் சலூன்களில் (போட்டிக் கண்காட்சிகளில்) இயற்கைப் பிரிவுக்கும் கடுமையான விதி இருக்கிறது. கிராப் செய்யலாம், சென்சார் தூசியையும் நாய்ஸையும் நீக்கலாம், காட்சியில் இருக்கும் எதையும் நீக்கவோ சேர்க்கவோ இடம் மாற்றவோ கூடாது. பறவைக்குப் பின்னாலிருக்கும் குச்சியைக் குளோன் செய்து எடுத்துவிட்டால் அங்கே அந்தப் படம் செல்லாது. அதே குச்சியை வீட்டுச் சுவரில் மாட்டப்போகிற படத்தில் எடுத்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

எனவே "ஓவர் எடிட்" என்று சொல்வதற்கு முன் இது எந்த வகைப் படம் என்று கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகும் அப்படியே தோன்றினால், எந்த இடத்தில் தோன்றியது என்று சொல்லுங்கள். "ஓவர்" என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரால் எதையும் திருத்த முடியாது. வானத்தின் நிறத்தைப் பார்த்தா, தோலைப் பார்த்தா, ஷார்ப்னஸ் பல்லிளிப்பதைப் பார்த்தா?

மே 15

முதல் நாள் எழுதியதற்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒரிஜினலை அப்புறம் காட்டுங்கள் என்றது, படம் படமாக நிற்கிறதா என்று கேட்கும்போதுதான். பழைய குடும்பப் படத்தின் கீறலையும் கறையையும் நீக்குகிறவர் முதலிலேயே இரண்டையும் காட்டியாக வேண்டும். அங்கே முகம் மாறாமலிருக்கிறதா என்பதுதான் கேள்வி, அதை ஒப்பிடாமல் சொல்ல வழியில்லை. மேலே சொன்ன செய்திப் படம், இயற்கைப் படம் இரண்டிலும் அப்படியே. எடிட்டிங் கற்றுக்கொள்கிறவர் "இந்த மாஸ்க்கைச் சரியாகப் போட்டிருக்கிறேனா" என்று கேட்டாலும் இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். கேட்கும்போதே என்ன தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

அந்த ஒரு வரியில் உங்கள் நோக்கத்தை முழுசாக விவரித்துவிடாதீர்கள். "தனிமையைக் காட்ட நினைத்தேன்" என்று எழுதினால் எல்லாருக்கும் தனிமைதான் தெரியும்.

மே 20

கருத்தை வாங்கிக்கொள்வது பற்றி இதுவரை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அதுதான் கடினமான பாதி.

ஆசையாகச் செய்த எடிட்டில் ஒருவர் குறை சொன்னால் உடனே வாயில் வருகிற பதில், "அன்னைக்கு வெளிச்சம் நிஜமாவே அப்படித்தான் இருந்துச்சு". இந்தப் பதிலை நான் விட்டொழித்துவிட்டேன், இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, பார்ப்பவர் அன்று அங்கே இல்லை, அவருக்குக் கிடைத்தது இந்தச் சட்டகம் மட்டும்தான். மற்றது, அன்று எப்படி இருந்தது என்று நமக்கே சரியாகத் தெரியாது. பார்ட்ல்சன் என்ற ஆய்வாளர் 1960இல் மனிதர்கள் பழகிய பொருட்களின் நிறத்தை நினைவிலிருந்து எப்படிச் சொல்கிறார்கள் என்று சோதித்தார். நினைவில் இருக்கும் நிறம் உண்மையான நிறத்தைவிடப் பெரும்பாலும் அடர்த்தியாக இருந்தது. புல் இன்னும் பச்சையாக, வானம் இன்னும் நீலமாக. ஆகவே "அப்படித்தான் இருந்தது" என்று நாம் மனதாரச் சொல்லும்போதும், நினைவு ஏற்கெனவே சாச்சுரேஷனைக் கூட்டி வைத்திருக்கலாம்.

நான் இப்போது செய்வது இது. கருத்து வந்த உடனே கோப்பைத் திறப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரு நாள் சேர விடுகிறேன். அப்புறம் என்ன சொன்னார்கள் என்பதைவிட எந்த இடத்தைப் பற்றிச் சொன்னார்கள் என்று பார்க்கிறேன். ஒருவர் "முகத்தைப் பளிச்சுன்னு ஆக்குங்க" என்பார், ஒருவர் "பின்னணியை இருட்டாக்குங்க" என்பார், இன்னொருவர் "இடது பக்கம் கிராப் பண்ணுங்க" என்பார். மூன்று யோசனையும் ஒன்றோடு ஒன்று மோதும். ஆனால் மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகிறார்கள், முகத்துக்குப் பின்னால் இடது பக்கமிருக்கிற அந்த வெளிச்சமான ஜன்னல். அதைக் கொஞ்சம் அடக்கினால் மூவரும் திருப்தியாகிவிடுவார்கள், யார் சொன்னதையும் நேராகச் செய்யாமலே.

அதற்காக எல்லாரும் சொல்வதையெல்லாம் செய்துகொண்டே போகக்கூடாது. எல்லாக் கருத்தையும் ஏற்றுத் திருத்திய படம் யாருக்கும் உறுத்தாது, யார் மனதிலும் நிற்காது. எனக்கு ஒரு படம் இருட்டாகத்தான் வேண்டும் என்றால் இருட்டாகவே வைத்துக்கொள்வேன். இருட்டு என்று அவர்கள் சொன்னது எனக்கு உதவியது, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.

யாரிடமும் காட்டுவதற்கு முன் உங்கள் கண்ணையே கொஞ்சம் புதிதாக்கிக்கொள்ள வழிகள் உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், கனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உடனே தெரியும். தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள், அந்த அளவிலும் முக்கியமானது தெரிந்தால் படம் நிற்கிறது. நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக ஒருமுறை பாருங்கள். எல்லாவற்றையும்விட, மூடி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

மே 21

தனக்குச் சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு இருப்பதால் மற்றவர் படத்துக்குக் கருத்து சொல்லத் தயக்கமாக இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து தயங்காதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, மற்ற இடங்களில் கொஞ்சம் குறைவு. நம் படத்தைப் பார்க்கிறவர்களில் கட்டாயம் அப்படிச் சிலர் இருப்பார்கள். பச்சை இலைகளுக்கு நடுவே சிவப்புப் பூ தனித்துத் தெரிகிறது என்று எடுத்தவர் நினைத்துக்கொண்டிருப்பார். உங்களுக்கு அது தெரியவில்லை என்றால், அந்தப் பூவுக்கும் இலைக்கும் வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை, நிறத்தை மட்டும் நம்பி நிற்கிறது என்று அர்த்தம். அதைச் சொல்ல எங்களைவிட நீங்கள்தான் பொருத்தமானவர்.

மே 27

இன்னொருவர் படத்தை நாமே எடிட் செய்து "இப்படிப் பண்ணியிருக்கலாம்" என்று காட்டுவது சரியா?

கேட்டுவிட்டுச் செய்தால் சரி. கேட்காமல் செய்தால், எவ்வளவு நல்ல எடிட்டாக இருந்தாலும் அது அவருடைய படத்தைக் கையிலிருந்து பிடுங்குவது. சம்மதம் வாங்கிச் செய்தாலும் பேசி முடிந்ததும் கோப்பை அழித்துவிட வேண்டும், வேறெங்கும் போடக் கூடாது.

தொழில்நுட்பத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் கிடைப்பது 8 பிட் ஜேபெக், ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். அவரிடம் இருப்பது 14 பிட் ரா என்றால் 16,384 படிகள். ஜேபெக்கில் வானத்தை இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரியும், வெளுத்துப்போன மேகத்தில் எதுவும் மீளாது. அதைப் பார்த்து "இதுக்கு மேல வராது" என்று நாம் முடிவுசெய்தால் அது தவறான முடிவு. அவருடைய ராவில் அந்த மேகம் பத்திரமாக இருக்கலாம்.

அதனால் எனக்குப் பிடித்த வழி, படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டுவது. மேக்னம் புகைப்பட நிறுவனத்தின் நியூயார்க் இருட்டறையில் பிரிண்ட் போட்ட பாப்லோ இனிரியோவின் வேலைக் குறிப்புகளைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். டென்னிஸ் ஸ்டாக் 1955இல் மழையில் டைம்ஸ் சதுக்கத்தில் நடந்துவரும் நடிகர் ஜேம்ஸ் டீனை எடுத்த படம். அதன் பிரிண்ட் ஒன்றின் மேல் இனிரியோ வட்டங்களும் வளைவுகளும் வரைந்து, எங்கே எத்தனை வினாடி ஒளியைக் கூட்டுவது, எங்கே குறைப்பது என்று எண்களாக எழுதியிருப்பார். படம் முழுக்கக் கோடுகள். எங்கே என்பதும் எவ்வளவு என்பதும் ஒரே பார்வையில் புரியும். போனில் விரலாலேயே ஒரு வட்டமும் ஒரு அம்புக்குறியும் போட்டு அனுப்புங்கள், மூன்று பத்தி எழுதுவதைவிட உதவும். அவருடைய எடிட் அவர் கையிலேயே இருக்கும்.

ஜூன் 1

புதிதாகத் தொடங்கியவர்களுக்கு எவ்வளவு சொல்லலாம் என்ற கேள்விக்கு: ஒரு படத்துக்கு ஒரே ஒரு விஷயம். பத்துக் குறை கண்ணில் பட்டாலும் எது திருந்தினால் படம் அதிகம் மாறுமோ அதை மட்டும். பெரும்பாலும் அது எடிட்டில் இருக்காது, நின்ற இடத்திலோ வந்த வெளிச்சத்திலோ இருக்கும். அப்படியானால் அதையே சொல்லுங்கள். பின்னணியில் தலைக்கு மேல் கம்பம் முளைத்த படத்துக்குச் சாச்சுரேஷன் யோசனை சொல்லி என்ன ஆகப்போகிறது? இரண்டடி நகர்ந்து நின்றிருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தால் அடுத்த தடவை எடிட் வேலையே பாதி குறையும். இதைச் சொல்லும்போது அந்தப் படத்தில் அவர் சரியாகச் செய்த ஒன்றையும் சொல்லுங்கள். தேடினால் கட்டாயம் இருக்கும்.

ஜூன் 2

பிரிண்ட் எடுத்தால் இருட்டாக வருகிறது என்று கேட்டவருக்கு. எல்லாரும் "லேபில் கெடுத்துட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள், முதலில் மானிட்டரைப் பாருங்கள். கடையிலிருந்து வந்தபடியே உச்ச வெளிச்சத்தில் வைத்து எடிட் செய்தால், திரையில் சரியாகத் தெரியும்வரை படத்தை இருட்டாக்கிக்கொண்டே போவோம். காகிதம் தானாக ஒளிராது, அதன் மேல் விழுகிற வெளிச்சம்தான் அதற்கு எல்லாமே. பிரிண்ட்டை மதிப்பிட 5000 கெல்வின் அளவுள்ள வெளிச்சத்தைத்தான் ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்கிறது. வீட்டில் அது இல்லாவிட்டால், பகலில் நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். மானிட்டரை 100 நிட் பக்கம் இறக்கிவிட்டு, முழுப் படத்தையும் போடாமல் முகமும் இருண்ட மூலையும் வருகிற ஒரு சிறிய துண்டை மட்டும் முதலில் பிரிண்ட் எடுங்கள். அந்தத் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பகுதி இருட்டாக இருக்கிறது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.